முழுகிய பிறகும் விடாத நோ

துலா கிறீச்சிடும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் விடியும். தெல்லிப்பழையில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக் கிணற்று ஏற்றமரமான துலாவில் ஐயா, என் அப்பா, ஏறி முன்னும் பின்னும் நடக்க, பட்டை கிணற்றுக்குள் தாழ்ந்து நீரோடு எழும். கிணற்றடியில் நிற்கும் மாமா, அம்மாவின் தம்பி, அதைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். யுத்த காலத்தில் ஒரு மாரி முடிந்து நுளம்புக் கொசு பெருத்திருந்தபோது அந்தச் சத்தம் நின்றுபோயிற்று.

ஊரெங்கும் "எலும்பு முறிக்கிற காய்ச்சல்". ஐயாவும் பாயில் விழுந்தார். நுளம்பை யாரும் சந்தேகிக்கவில்லை; பனிதான் காரணம் என்றார்கள். காய்ச்சல் விட்டதும் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் அம்மா அவரை "முழுக வார்த்தார்". ஊர்க் கணக்கில் முழுகியவர் வருத்தக்காரர் இல்லை, நோய் முடிந்தவர். பத்தியமும் பாயும் அன்றோடு சரி, அதற்குப் பிறகு நோகிறது என்பவர் சோம்பேறி. ஆனால் ஐயாவின் கணுக்கால்கள் வீங்கியே இருந்தன, காலையில் கதவைத் திறக்க விரல்கள் மடங்கவில்லை. வாடும் புகையிலைக் கன்றுகளைப் பார்த்தவர் துலாவில் ஏறினார்.

பாதியில் நின்றுவிட்டார்.

"என்ன அத்தான், மேலை நிண்டு காங்கேசன்துறைக் கப்பலைப் பாக்கிறியளோ?" என்று கீழே மாமா சிரித்தார்.

"மச்சான், கால் மடங்குதில்லை. பட்டையை விட்டிடாதை."

விட்டால் துலா துள்ளி அவரை எறிந்துவிடும். மாமா பல்லைக் கடித்துப் பிடித்திருக்க, அம்மா போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்தார் ஏணியோடு ஓடிவந்து ஐயாவைக் குழந்தையைப்போல் இறக்கினார்கள்.

"முழுகின ஆளுக்கு இன்னும் என்ன நோ?" என்று அம்மா அழுதுகொண்டே திட்டினார்.

ஐயா பிறகு துலாவில் ஏறவில்லை. அடுத்த போகத்திலும் விடியற்காலையில் முழங்காலைத் தேய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "இப்ப எப்பிடி?" என்று அவரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்று துலாக்கள் இல்லை, "மிசின்" இறைக்கிறது. ஐயாவும் இல்லை. சென்ற மாதம் என் மகளுக்கு அதே மாதிரிக் காய்ச்சல். நுளம்பால் வந்தது, மூட்டு நோ சில காலம் இருந்துதான் மாறும் என்கிறார் டாக்குத்தர். எவ்வளவு காலம் என்றால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்விழித்ததும் அவளிடம் ஓடுகிறேன்.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லையம்மா."

அவள் பேனாவைப் பிடித்து ஒரு வரியாவது எழுதும்வரை என்னால் நகர முடிவதில்லை.

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டால்தான் அம்மா, இன்னும் கூட நோகுது," என்றாள் நேற்று.

வெளியே வந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.