அல்ஜீப்ராவுக்குத் தேதி கேட்டேன்

போன வருடம் பிப்ரவரி மாதம் என் மகள் கெசியா ஒன்பது நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் கோளாறு இல்லை. காய்ச்சல் இல்லை. காரணம் நான். என் மானம் போகும் என்று பார்த்தால் ஆண்டவர் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சிட்லபாக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நான் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எடுத்தேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. சாக்பீஸ் எறிந்தால் குறி தப்பாது என்று என்னிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

கெசியா எங்களுக்கு ஒரே பிள்ளை. பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்குத் திக்குவாய். மூன்றாம் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது "பிரசன்ட் மிஸ்" என்று சொல்ல வராது. முதல் எழுத்திலேயே நின்றுவிடும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். காலையில் ஷூவைப் பார்த்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அந்த வருடமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். நானும் வேலையை விட்டேன். வீட்டிலேயே பாடம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்தில் திக்கல் பெரும்பாலும் போய்விட்டது. ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று வசனம் சொன்னாள். நாங்கள் பெற்ற முதல் பெரிய நன்மை அது. அதை என் கையாலேயே உடைக்கப் பார்த்தேன்.

அவளுக்குப் பதினோரு வயது நடந்தபோது எனக்குள் ஒரு புழு நுழைந்தது. எங்கள் சபையில் இன்னும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைப் பூங்காவில் கூடுவோம். அதில் ஸ்டெல்லா அக்கா என்று ஒருவர். மாதர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. அவருடைய பையனுக்குப் பத்து வயதுதான். "இவன் அல்ஜீப்ரா ஆரம்பிச்சுட்டான்மா, சும்மா ஓடுது" என்றார் ஒரு நாள். பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. கணக்கு டீச்சர் பிள்ளை பின்னால் நிற்பதா?

அந்தப் புத்தாண்டு ஆராதனை முடிந்து எப்போதும்போல வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் வரும் வசனம்தான் அந்த வருடத்துக்கு நமக்கு. கெசியா எடுத்த அட்டையில் எல்லையை விரிவாக்குவதைப் பற்றி இருந்தது. நான் அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். எல்லை என்றால் அல்ஜீப்ரா. வேறென்ன? வீட்டுக்கு வந்ததும் அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பக்கத்தில் கால அட்டவணையையும் ஒட்டினேன். ஜனவரி இரண்டாம் வாரம் ஆரம்பம், மார்ச் கடைசிக்குள் சமன்பாடுகள் முடிய வேண்டும். ஆண்டவருடைய வாக்குத்தத்தத்துக்கு நான் பாடத்திட்டம் எழுதினேன்.

"இப்ப என்ன அவசரம்? அது என்ன ட்ரெயினா, விட்டா போயிடறதுக்கு?" என்றார் இவர்.

"உங்களுக்குக் கணக்கு தெரியாது, சும்மா இருங்க" என்றேன். இருந்தார்.

முதல் வாரமே இடித்தது. ஒரு கணக்கில் எக்ஸ் ஏழு என்று வந்தது. அடுத்ததில் ஐந்து என்று வந்தது. கெசியா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"முன்னாடி ஏழுன்னீங்க. இப்ப அஞ்சுங்கிறீங்க. எக்ஸ் எவ்வளவும்மா?"

"அது நமக்குத் தெரியாத எண்டி. கண்டுபிடிக்கணும்."

"உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் ஒளிச்சு வெக்கிறீங்க?"

எத்தனையோ பிள்ளைகள் கேட்ட கேள்விதான் அது. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டு வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். சொந்தப் பிள்ளை கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரப் பாடத்தை ஒரு மணி நேரமாக்கினேன். அப்புறம் ஒன்றரை. அவள் விடைகளை ஊகித்துப் போட்டுப் பார்ப்பாள். சரியாக வந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். எதுவும் புரிந்து போடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளினேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விடையை வாயால் சொல்லச் சொன்னேன். அவள் வாயைத் திறந்தாள். "மு... மு... மு..." என்று நின்றது. மூன்றா, முப்பதா, எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக நான் கேட்காத சத்தம். அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. திக்கி நடிக்காத."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. பெற்ற வாயிலிருந்து.

அவள் புத்தகத்தை மூடினாள். அழவில்லை. அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் இல்லை. கேட்டால் தலையாட்டுவாள், இல்லாவிட்டால் சீட்டில் எழுதிக் காட்டுவாள். தண்ணீர் வேண்டும் என்பதற்கும் சீட்டு. அப்பாவிடமும் பேசவில்லை. முன்பு அவளைப் பார்த்த பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் போனில் கேட்டேன். "கட்டாயப்படுத்தாதீங்க. அவளா வரட்டும்" என்றார். அவளாக வரவே மாட்டாளோ என்று பயந்தேன். சிரித்த வகுப்பிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கடைசியில் அவள் வாயை அடைத்தது நான்தான்.

உபவாசம் இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை முழங்கால் போட்டேன். ஆனால் என்ன ஜெபம் தெரியுமா? உள்ளதைச் சொல்கிறேன். "ஆண்டவரே, இவளைப் பேச வையும். அல்ஜீப்ராவை எப்போது திரும்ப எடுப்பது என்றும் காட்டும். ஜூனா, அடுத்த ஜனவரியா? ஒரு அடையாளம் கொடும்." அந்த நிலைமையிலும் எனக்குத் தேதி வேண்டியிருந்தது.

ஒரு பதிலும் இல்லை. ஒரு வசனம் மனதில் வரவில்லை, ஒரு கனவு வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள் அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "உமக்குத்தான் தெரியுமே, ஏன் மறைக்கிறீர்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. என் பிள்ளை என்னிடம் கேட்டது இதையேதான். வார்த்தைக்கு வார்த்தை இதே. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அரை நாள் சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வராததைப் பதினோரு வயதுப் பிள்ளையிடம் அதட்டிக் கேட்டிருக்கிறேன். கையில் ஈரத்துணியோடு அழுதேன். பிறகு சொன்னேன். "எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரியும். தேதி வேண்டாம். பிள்ளை மட்டும் போதும்."

கீழே இறங்கி வந்து கெசியாவின் முன் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா சொன்னது தப்பு. நீ நடிக்கல. அம்மாவை மன்னிச்சிரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஃபிரிட்ஜிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். வாக்குத்தத்த அட்டையை அவள் கையிலேயே கொடுத்தேன். அல்ஜீப்ரா புத்தகத்தை இவர் பையில் வைத்து, "ஆபீஸ்ல வெச்சிருங்க. நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன். ஏன், எதற்கு என்று இவர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை அடுப்படியில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அம்மா, தோ... தோ... தோசை கருகுது."

அந்தக் கருகின தோசையை நானே தின்றேன். அதைவிட ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம் அல்ஜீப்ரா என்ற பேச்சையே எடுக்கவில்லை. கூட்டல், பெருக்கல், பின்னம். ஏரியைச் சுற்றி சைக்கிள். சமையலில் அளவு. வெள்ளிக்கிழமைகளில் ஸ்டெல்லா அக்கா பையன் எந்தப் பாடத்தில் இருக்கிறான் என்று கேட்க நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்வேன். தினமும் காலையில் ஒரே ஜெபம்தான்: எனக்குத் தெரியவில்லை, உமக்குத் தெரியும். சில நாள் அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். கெசியாவின் திக்கல் வந்து வந்து போனது. ஆனால் பேசினாள்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸ் கீதப் பவனிக்கு மெழுகுவர்த்தி தயார் செய்ய தாம்பரத்தில் எங்கள் ஆலயக் கூடத்தில் கூடியிருந்தோம். முந்தின வருடம் மீந்த மெழுகுவர்த்திகள் இரண்டு அட்டைப் பெட்டிகளில் இருந்தன. முன்வாசலுக்கு ஒன்று, பக்கவாசலுக்கு ஒன்று. இரண்டிலும் சரிசமமாகப் பிரித்து வைத்தவர் ஸ்டெல்லா அக்கா. முன்வாசல் பெட்டியின் மேல் "4 பாக்கெட், உதிரி 6" என்று எழுதியிருந்தது. பக்கவாசல் பெட்டியில் "3 பாக்கெட், உதிரி 30". எல்லாம் ஒரே மாதிரி பாக்கெட். பழுப்புத் தாள் சுற்றியது, மேலே ஒரு எண்ணும் இல்லை.

"ஒரு பாக்கெட்ல எத்தனைன்னு மறந்தே போச்சு. இன்னும் எவ்வளவு வாங்கணும்னு தெரியலையே" என்றார் அக்கா.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் அண்ணன் ஏணியில் நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னாக்கா இது, ஒண்ண பிரிச்சி எண்ணிக்கினா தீந்துது" என்றார்.

கெசியா ஓரத்தில் ஸ்டெல்லா அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு கையில் வழியாமலிருக்கக் காகித வட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ரெண்டு பெட்டியிலயும் சமமா ஆன்ட்டி?"

"ஆமாண்டா. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. நானே எண்ணி வெச்சேன்."

"அப்ப பிரிக்க வேணாம். பா... பா..." நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. மூச்சு விட்டாள். "பாக்கெட்ல எத்தனை இருந்தா இருக்கட்டும். இதுலேர்ந்து மூணு பாக்கெட், அதுலேர்ந்து மூணு பாக்கெட் எடுத்துடலாம். அப்பவும் சமம்தான். இங்க ஒரு பாக்கெட்டும் ஆறும். அங்க முப்பது. அப்ப ஒரு பாக்கெட்டுக்கு இருபத்தி நாலு."

ஸ்டெல்லா அக்கா ஒரு பாக்கெட்டைக் கிழித்து மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நானும் கூடவே எண்ணினேன். இருபத்திரண்டு. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. தாள் காலி.

இது மெழுகுவர்த்தி எண்ணிக்கை இல்லை. தெரியாத ஒன்று இரண்டு பக்கமும் இருக்கும்போது, அதைத் தெரியாததாகவே கையில் தூக்கி இரண்டு பக்கமும் சமமாக எடுத்து வைப்பது. எட்டாம் வகுப்பில் இந்த இடத்தில் திணறின பிள்ளைகளை எனக்குத் தெரியும். வருடா வருடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். இவளுக்கு நான் இதில் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நான் கை எடுத்த இடத்தில் யாரோ வேலை செய்திருக்கிறார். அந்தக் கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்போல இருந்தது.

அதற்குள் ஸ்டெல்லா அக்கா பையன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குள் இருக்கும் பழைய ஆள் எளிதில் சாவதில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் கேட்டேன். "உள்ள எத்தனைன்னு தெரியாம எப்படிடி கணக்கு போட்ட?"

"தெரியாட்டி என்னம்மா? உள்ள இருக்குல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு என் முதுகில் தட்டினாள். "அன்னைக்கு நீங்க சொன்ன எக்ஸ், இதுதானா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். கண் தெரியவில்லை.

புத்தகம் இவருடைய பையில் ரயிலேறித் திரும்பி வந்தது. இந்த முறை அவள் கேட்டு வந்தது. இப்போது தினமும் இருபது நிமிடம். போதும் என்று அவள் மூடினால் நானும் மூடிவிடுகிறேன்.

சில தாய்மார்கள் போன் செய்து, எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். கணக்கு டீச்சர் அப்படிச் சொல்லலாமா என்று சிரிக்கிறார்கள். சொல்லலாம். உங்கள் பிள்ளை எழுத்தோ, பாட்டோ, கணக்கோ, எதில் பிந்தி நின்றாலும், எப்போது என்பதை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு இருங்கள். பதில் உடனே வராது. அந்த நாட்களிலும் அவர் சும்மா இருப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

கெசியாவின் திக்கல் முழுதாகப் போகவில்லை. போகவேண்டும் என்று நான் இப்போது பேரம் பேசுவதும் இல்லை. போன ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி நேரத்தில் அவளாகவே எழுந்து நின்றாள். "ஆண்டவர் எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், எடுத்துக் கொடுக்க நாக்கு நுனிவரை வந்தது. கொடுக்கவில்லை. சபை முழுவதும் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தானே சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆமென்.