கம்பம் தெரியாத நாட்கள்

எழுபதுகளின் கடைசியில் என் வேலை கடல் அலையை எண்ணுவது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும். பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த எங்கள் குப்பத்தில் பத்தாவது முடித்த பெண் நான் ஒருத்திதான். உப்புக் கம்பெனி ஒன்று கடல்நீரை இறைக்க, கடலுக்குள் நீளும் மேடை கட்டப் போவதாக ஒரு இன்ஜினீயர் வந்தார். அடிக்கு ஒரு பட்டையாகக் கறுப்பு வெள்ளை அடித்த கம்பத்தைக் கடலில் நட்டார். என்னிடம் ஒரு பைனாகுலரையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்தார். காலையும் மாலையும் இருபது நிமிஷம், கம்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு அலையும் எத்தனை பட்டை ஏறி இறங்குகிறது என்று எழுத வேண்டும்.

எண்ணியதில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவர் சராசரி போடுவார். "ஆயிரம் அலை வந்தா, அதுல ஒண்ணு இந்தச் சராசரியைப்போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கும்மா. எது, எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வரும். அந்த ஒண்ணு மேடையைத் தொடக் கூடாது" என்றார். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

முதல் வாடைக்காற்றில் மழையும் நுரையும் சேர்ந்து கம்பத்தை மறைத்துவிட்டன. இரைச்சலை வைத்துக் குத்துமதிப்பாகப் பதினாறு பட்டை என்று எழுதினேன்.

"கம்பம் தெரிஞ்சுதா?" என்றார் இன்ஜினீயர் சார்.

"இல்லே சார். சத்தத்துலயே தெரியுதே, எவ்ளோ பெருசுன்னு."

"பார்த்ததை எழுது. தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. கதை எழுதாதே."

நாலு பேர் எதிரில் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சரி, போ, பார்த்ததை மட்டுமே எழுதுகிறேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். அதன்பின் கடல் கொந்தளித்த நாளெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் 'கம்பம் தெரியவில்லை' என்றே எழுதினேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று.

மேடையின் உயரத்தை முடிவு செய்த அன்று அவருடைய தாள்களைப் பார்த்தேன். மழைக்கால மாதங்களில் பாதி நாட்களைக் காணோம்.

"தெரியலைன்னு எழுதுன நாளெல்லாம் இன்னா ஆச்சு சார்?"

"எண்ணே இல்லாத நாளை எப்படிம்மா கூட்டறது? விட்டாச்சு."

அப்போதுதான் புரிந்தது. அவர் விட்டதெல்லாம் பெரிய அலை வந்த நாட்கள். அமைதியான கடலை எண்ணி, அதுதான் எங்கள் கடல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெதுவாக வாயைத் திறந்து அதைச் சொன்னேன். "அதுக்குத்தான் மேலே ரெண்டு அடி சேர்த்திருக்கேனே" என்றார். படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வாயைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேடை முனையில் பம்ப் அறை எழுந்தது; அலை எண்ணும் வேலையும் எனக்குத் தொடர்ந்தது. என் அண்ணனுக்கு அங்கே இன்ஜின் பார்க்கும் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு வாடைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நாலாவது வருஷம், புயல் வருவதாக ரேடியோவில் சொன்ன அன்று, காலையிலேயே கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். எங்கள் நைனா வீட்டிலிருந்த சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையை மாட்டினான். இன்ஜினைக் கழற்றிக் கரைசேர்க்கச் சொல்லி கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தது.

"போவாதணா. அந்த மேடை தாங்காது."

"இன்னாம்மே இப்டி சொல்றே? நீ எண்ணிக் குடுத்த கணக்குலதானே கட்டுனாங்க? ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன், எந்தங்கச்சி அளந்த அலைன்னு."

"அந்தக் கணக்கு தப்புணா. பெரிய அலை எதுவும் அதுல இல்லே."

அவன் சிரித்தான். "உனுக்கு எப்பவும் பயம்தான். மதியம் சோத்துக்கு வந்துடுவேன்" என்று போய்விட்டான்.

மதியம் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறினேன். காற்று நிற்கவிடவில்லை, மண்டியிட்டுப் பார்த்தேன். கம்பம் இருந்த இடமே தெரியவில்லை. பம்ப் அறை தெரிந்தது. வாசலில் அண்ணனின் சட்டை தெரிந்தது. பெரிய அலைகள் கூட்டமாக வந்தன. ஒவ்வொன்றும் மேடையின் அடியில் மோதியது. கடைசியில் ஒன்று வந்தது. அறையின் கூரைக்கு மேலே முழுத் தண்ணீராகப் போயிற்று. அது இறங்கியபோது அங்கே அறை இல்லை.

மேடையின் உயரமும் அறையின் உயரமும் எனக்கு மனப்பாடம். இரண்டையும் கூட்டி, அன்றைய தாளில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை எழுதியது.

நாலாம் நாள் சார் வந்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கம்பம் தெரிஞ்சுதாம்மா?"

"கம்பம் தெரியலை சார். எங்கண்ணன் இருந்த ரூம் தெரிஞ்சுது. அதுக்கு மேல போச்சு."

 அவர் கீழே உட்கார்ந்து, அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பார்த்த பெரிய அலைகளில் கணக்கில் ஏறியது அது ஒன்றுதான்.