திரைக்குப் பின்னால் குளோரின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரிலிருந்து டிராமில் போய் நான் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானப் பிரிவில் நாற்பது பையன்கள். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

பெரிய பாக்கியம் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பாக்கியமாவது ஒண்ணாவது! லெக்சரர் வகுப்புக்குள் நுழையும்போது அவர் பின்னாலேயே நுழைய வேண்டும், அவர் கிளம்பினால் கூடவே கிளம்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஓர் இருட்டு அறையில் நானும் ஒரு தண்ணீர்ப் பானையும்தான். என் குரல் எனக்கே மறந்துவிடப் போகிறதே என்று பயந்து, அந்தப் பானையிடம் பாடம் ஒப்பித்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். கார்பனுக்கு நாலு கை, குளோரினுக்கு ஒரு கை, அந்த ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் குளோரின் ஓயாது என்று லெக்சரர் சொல்லித் தருவார். அதற்கு இருக்கிற கொடுப்பினைகூட எனக்கு இல்லையே என்று அழுகையாக வரும்.

லேபில் இன்னும் மோசம். ஜன்னல் இல்லாத மூலையில் என் மேஜையைப் போட்டு, சுற்றித் திரை கட்டியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் வாய் திறக்கக் கூடாது. சீட்டில் எழுதித் திரைக்கு வெளியே நீட்டினால், அட்டெண்டர் வாங்கிப்போய் லெக்சரரிடம் கொடுப்பார். வீட்டில் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எவனாவது உன்னண்ட பேசினான்னு என் காதுல விழுந்தது, அன்னியோட காலேஜுக்கு முழுக்கு. ஆத்துலயே கிட!" சொன்னால் செய்கிற மனிதர்.

அன்று குளோரின் தயாரிக்கும் சோதனை. குடுவையைச் சூடாக்கியதும் ஜாடியில் பச்சையும் மஞ்சளுமாக வாயு இறங்கியது. நானே செய்தேன் என்று ஒரே பூரிப்பு. பார்த்தால், கார்க்கின் ஓரமாகவும் கசிகிறது. மூக்கு எரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குடுவைக்கு அடியில் எரிந்த விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. "கார்க் கசிகிறது" என்று சீட்டில் எழுதி வெளியே நீட்டினேன்! அட்டெண்டர் அன்று லீவு என்பதே எனக்குத் தெரியாது. லெக்சரரும் ஏதோ எடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாராம். சீட்டை நீட்டிய கையோடு இருமினேன், இருமினேன், நெஞ்சு கிழிகிறமாதிரி இருமினேன். நாற்பது பேர் காதிலும் விழுந்திருக்கும். ஒருவரும் வரவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த நாற்பது பேரில் ஒருவன் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தான். "இன்னாம்மா கீழ குந்திக்கினு கீறே! அது காத்தவிட கனம், கீழதான் எறங்கும். எந்திரி, எந்திரிம்மா!" என்று கத்தினான். அதே வரியை நான் அன்று காலைதான் நோட்டில் அழகாக எழுதியிருந்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்து, வராந்தாவில் கொண்டுபோய் விட்டான். அவன் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். சாந்தோம் கடலோரக் குப்பத்துப் பையன், அவர்கள் தெருவிலேயே முதலில் காலேஜ் படிக்க வந்தவன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான் என்று புகார் போய்விட்டது. இருமலுக்கு அசையாதவர்களுக்கு இதற்கு மட்டும் கால் முளைத்தது! மறுநாள் பிரின்சிபால் அறையில் விசாரணை. என் பக்கத்தில் அப்பா, எதிரில் அவன்.

"நடந்ததை நீயே சொல்லும்மா" என்றார் பிரின்சிபால்.

உயிரைக் காப்பாற்றினான் என்று சொன்னால் போதும், அவனை விட்டுவிடுவார்கள். ஆனால் புகாரைப் பாதிதான் நம்பியிருந்த அப்பாவுக்கு, பேசினான், கையைத் தொட்டான் என்பதும் என் வாயாலேயே உறுதியாகிவிடும். அதோடு என் படிப்பு முடிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மயக்கமா இருந்தது" என்றேன்.

அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க அவனை லேபுக்குள் விடக் கூடாது என்று உத்தரவாயிற்று. செய்முறை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. இரண்டு வாரம் வந்தான், அப்புறம் வருவதை நிறுத்திவிட்டான்.

மாதம் ஒன்று போயிருக்கும். லஸ் முனையில் டிராமுக்கு நின்றிருந்தேன். எதிரில் அவன். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"மூச்சு செரியாப் பூட்ச்சாம்மா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

எங்கள் தெரு மாமி ஒருத்தி நாலு அடி தள்ளி நின்றிருந்தாள். நான் குடையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். அதன் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

படித்தேன், பாஸானேன், பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரியே சொல்லிக்கொடுத்தேன். பேச ஓர் ஆளில்லையே என்று இரண்டு வருஷம் ஏங்கியவள் நான். பேச வந்த ஒரே ஒருவனுக்குப் பதில் சொல்லாமல் நின்றவளும் நான்தான்.