ரேடியோக் கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

எனக்குச் சீராக எழுத வராது. தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். பெயர்களும் மறந்துபோகின்றன. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் ஊர் காஜா பெராங்கில் பக்கத்து வீட்டு மருமகள், கூரையிலிருந்து மாமரத்துக்கு நீளமாக ஒரு கம்பியைக் கட்டினாள். துணி காயப்போடவா என்று கேட்டேன்.

"இல்ல பாட்டி, ரேடியோவுக்கு. லைசென்ஸ் இருக்கு லா, நானே பேசலாம். வந்து பாருங்க."

குமிழைத் திருப்பினாள். முதலில் தந்திச் சத்தம். கொஞ்சம் தள்ளி, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் விசில். அதையும் தாண்டினால் மனிதக் குரல். "ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நுழையமாட்டோம்," என்றாள். தெரியும் என்று சொல்ல நினைத்தேன். கூச்சத்தில் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவள் பெட்டியில் வாசனையே இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டி சூடானால் வார்னிஷும் தூசியும் சேர்ந்து மணக்கும். அப்பா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஜப்பான் சண்டைக்கு முன்னால், எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக ரேடியோவில் அனுப்புவதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கேட்பார். முள் நகரும் கண்ணாடியில் அவர்களுக்கு இருந்த இடம் என் சுண்டுவிரல் அகலம்தான். அதிலும் ஒரு பக்கம் தந்தி, மறுபக்கம் பேச்சு.

"ஏம்ப்பா பிரிச்சுக்கிட்டாங்க?"

"குழாயடியில தண்ணி பிடிக்கிறவங்க ஒரு பக்கம், துணி துவைக்கிறவங்க ஒரு பக்கம் நிக்கல? கலந்தா ரெண்டும் கெடும். தந்திச் சத்தம் ஒல்லி, கொஞ்ச இடத்துல நிறையப் பேர் நிக்கலாம். பேச்சுக்கு இடுப்பு பெருசு."

"என்னையவா சொல்றீங்க?" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

நான் ஒரு காகிதத் துண்டில் இந்தப் பக்கம் தந்திக்குப் புள்ளியும் கோடும், அந்தப் பக்கம் பேச்சுக்குத் திறந்த வாய் ஒன்றும் வரைந்து கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தேன்.

ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்ததும், வெளிநாட்டுச் சேதி வரும் சிற்றலையைக் கேட்கக் கூடாதென்று உத்தரவு. பெட்டியை வாங்கிச் சிற்றலைச் சுருளை வெட்டி, முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கொண்டுபோவதற்கு முன்பே அப்பா காகிதத்தை உரித்து, "அடுப்புல போடு," என்று என்னிடம் கொடுத்தார். எனக்கு மனசு வரவில்லை. வெட்ட வேண்டியதைத்தான் வெட்டிவிட்டார்களே, படம் என்ன செய்துவிடும்? பெட்டி திரும்பி வந்த மறுநாளே மரவள்ளி மாவைக் குழைத்து ஒட்டிவிட்டேன். சோற்றுப் பருக்கைக்குப் பஞ்சமான காலம். அப்பா பெட்டியைத் துணியால் மூடியே வைத்திருந்ததால் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் முத்திரையைச் சோதிக்க ஒரு ஜப்பான்காரனும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார்கள். துணியை நீக்கியதும் புள்ளி, கோடு. அப்பா பார்த்த வேலை அவர்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ரகசியச் சேதியான்னு கேக்கறாரு. யாரு எழுதினது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நான்தான்," என்றார் அப்பா.

வெளி ஆட்கள் முன்னால் வாயே திறக்காதவள் நான். அன்று அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து, "இல்ல, நான் வரைஞ்சது," என்று தொடங்கி, குழாயடிக் கதை முழுவதையும் பேச்சின் பெரிய இடுப்போடு சேர்த்து ஒப்பித்தேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு முட்டியது.

"ஏம்மா, இதை நான் எந்தப் பாஷையில சொல்ல?"

பிறகு ஜப்பான்காரனிடம் ஏதோ சொன்னார். நாலே வார்த்தை இருக்கும். நான் சொன்னது எவ்வளவு நீளம்! என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஜப்பான்காரன் என்னைப் பார்த்தான், வாய்ப் படத்தைப் பார்த்தான், காலரை விட்டான். காகிதத்தை நகத்தால் சுரண்டித் தன் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும், "ஒண்ணுமில்லம்மா, போய் விளையாடு," என்பார். ரயில் ஏன் ஊதுகிறது என்பதற்குக்கூட அரைமணி நேரம் சொல்பவர். சண்டை முடிந்து, பெட்டிக்குப் புதுச் சுருள் போட்ட பிறகும் அப்படியேதான். எனக்கு எதையும் விளக்கிச் சொல்லும் அந்த அப்பாவை நான் மறுபடி பார்க்கவேயில்லை.

தந்தி இருந்தது இடப்பக்கமா, வலப்பக்கமா என்று இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்பாவிடம் இரண்டாம் தரம் கேட்க எனக்குத் துணிவில்லாமல் போயிற்று.