அமெரிக்கா போன கொல்லன்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் பிளேஸ்டோவில் மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய என் தம்பியைப் பற்றி நெடுநாளாகத் தகவல் இல்லை. "இனியும் தள்ளிப்போட ஏலாது. தம்பிக்குச் செத்தவீட்டுக் கிரியை செய்துவிடுவம்" என்றாள் மனைவி. ஐயரிடமும் நாள் கேட்டுவிட்டோம்.

அந்த வாரம் ஓர் அமெரிக்கப் பெண் என் காரில் ஏறினார். அமெரிக்கா ஆங்கிலேயர் வசமிருந்த காலத்தில் இரும்பாலையில் கொல்லன் வேலைக்கு அங்கே போன தன் மூதாதையின் உறவுகளைத் தேடி வந்தவர். அதே குடும்பப் பெயர் உள்ள வீடுகளின் கதவுகளைத் தட்டினார். எல்லோரும் கையை விரித்தார்கள். வால்தம்ஸ்டோவில் ஒரு முதியவர் மட்டும் திகைத்து நின்றார்.

"அந்தக் கொல்லனா? அவன் கப்பலோடு மூழ்கிவிட்டான் என்றுதானே எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொல்வார்கள்."

"இல்லை. கரை சேர்ந்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார். நான் அந்த வழியில் வந்தவள்."

முதியவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எனக்குக் காரில் இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஐயரிட்டை வேண்டாமெண்டு சொல்லும்."

"என்னப்பா, தம்பியின்ரை செய்தி வந்ததோ?"

"இல்லை."

அவள் அழத் தொடங்கினாள்.

தம்பி இன்றுவரை வரவில்லை. நான் செய்தது சரியா என்றும் தெரியவில்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் முடித்துவைக்க அதன்பிறகு எனக்கு மனம் வரவில்லை.