ரவியைக் கொண்டுபோன கொத்மலை பேண்ட்

கிழிந்த ஸ்பீக்கரில் எலக்ட்ரிக் கிட்டார் எப்படிக் கத்தும் தெரியுமா? ஈரத் தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி... பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்தச் சத்தம் எழுந்தாலே பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்திவிடுவார். எனக்கும் ரவிக்கும் அதுதான் சங்கீதம்.

ரவி கிட்டார், நான் பாட்டு. டிரம்ஸுக்கு அந்தந்த வாரம் யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.

ஹட்டனில் நஸீர் நானா ரெக்கார்டிங் பார் வைத்திருந்தார். வெற்று கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார். கொழும்பிலிருந்து வரும் கிரஞ்ச், ராக் கேசட்டெல்லாம் அவர் கடையில் தூசி படிந்து கிடக்கும். "ஒங்க ரெண்டு பேரத் தவிர இந்தக் கூச்சல எவன் கேக்குறான் தம்பி?" என்று சிரித்துக்கொண்டே பதிந்து தருவார்.

அந்தப் பாட்டுகளைத்தான் நான் பாடினேன். இங்கிலீஷ் வார்த்தை பாதி புரியாது. ஆனால் அந்தப் பாடகர்களின் கரகரப்பை அப்படியே தொண்டையில் கொண்டுவந்துவிடுவேன். மலையில் எனக்கு நிகர் யாருமில்லை என்ற நினைப்பு வேறு...

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. நாங்கள் முதலில் வாசித்தோம். மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

அடுத்து கொத்மலையிலிருந்து ஒரு பேண்ட். பாடியது புஷ்பா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண். மைக்கைப் பிடித்து, தமிழில், நம் பேச்சில் ஆரம்பித்தாள்.

"ஏ புள்ள, ஒன் பேரு என்னா?
பேரு இல்லீங்க... நம்பர் இருக்கு!"

காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கேட்கிற அதே குரல்களை எடுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு உள்ளே ஏதோ எரிந்தது. இப்படி ஒரு பாட்டு எனக்கு ஏன் தோன்றவில்லை? அதே பெரட்டைப் பார்த்துத்தானே நானும் வளர்ந்தேன்?

பாதியில் கரண்ட் போனது. 'தொலைந்தாள்' என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அவள் நிறுத்தவில்லை. மைக்கை வைத்துவிட்டு வெறும் குரலில் பாடினாள். சனம் பலகைத் தரையைக் காலால் உதைத்துத் தாளம் போட்டது.

கரண்ட் வந்தபோது அவர்களுடைய கிட்டாரில் கம்பி அறுந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற ரவி தன் கிட்டாரோடு மேடை ஏறினான். ஒத்திகையே இல்லாமல் அவன் வாசித்த வாசிப்பு... என்னோடு ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்.

"மச்சான், கோவிச்சுக்காத. நான் அவங்களோட வாசிக்கப் போறேன்."

"அப்ப நம்ம பாட்டு?"

"நம்ம பாட்டுன்னு எது இருக்குடா? எல்லாம் கேசட்டுல இருந்து எடுத்ததுதானே..."

பஸ் வளைவு வளைவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர்களும் நிறைய நாள் வாசிக்கவில்லை. நானா கடையில் நாலு பாட்டுப் பதிந்தார்கள். வாங்க ஆள் இல்லை. புஷ்பா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். ரவி கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்தான். பேண்ட் முடிந்தது. எனக்கு ஒரு அற்ப நிம்மதி.

போன மாதம் நானாவின் மகன் அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றியிருக்கிறார். என் மகள்தான் போனில் போட்டுக் காட்டினாள்.

"அப்பா, இவங்க நம்ம பக்கத்து ஆளுங்களாம். எப்பிடிப் பாடுறாங்க பாருங்க! நீங்களும் அப்ப பாடுனீங்கதானே, ஒங்க பாட்டு ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

இன்றைக்கு லயத்துப் பிள்ளைகள் உலகத்தில் எந்த பேண்டையும் போனில் ஒரே தட்டலில் கேட்கிறார்கள். எங்களுக்கு ஒரு கேசட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. எல்லாம் மாறிவிட்டது... இந்த எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பாட்டுக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள், "கிட்டார் யாரு?" என்று. நான் எழுதினேன்: "ரவி. முதல்ல என்கூட வாசிச்சவன்."

மறுநாள் பதில் வந்திருந்தது. புஷ்பா.

"தெரியும் அண்ணே. அன்னிக்கி நீங்க பாடுனப்ப ரவி அண்ணன் வாசிச்சதத்தான் நாங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அங்கேயும் ரவிதான்! என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை...

லிங்க் கமெண்டில் போட்டிருக்கிறேன். கேளுங்கள் நண்பர்களே. நாலு பாட்டுதான். குறை கண்டுபிடிக்கலாம் என்று நானும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை.