கைராசிக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் தெருவுக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். கையில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. ராயபுரத்தின் பழைய ரயில் நிலையத்தைப் பார்த்து முடித்து, மாதா கோயிலைச் சுற்றி, ஐஸ் கடையையும் டீசல் பம்ப் ரிப்பேர் கடையையும் தாண்டி எங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். கூட்டி வருகிறவர் எங்கள் மாடி வளைவுகளைக் காட்டி, சுண்ணாம்பும் கடுக்காயும் அரைத்துக் கட்டியது என்பார். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வளைவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருப்பார். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

கீழே கயிறு, வலை, மிதவை விற்கும் கடை, மேலே வீடு. தெற்கிலிருந்து பிழைக்க வந்த மாமனார் வாங்கிப் போட்டது. ஜன்னல் கட்டையில் கை வைத்தால் கரித்தூள் ஒட்டும். எண்ணூர்ப் பக்கத்துப் புகை போதாதென்று துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் புழுதி வேறு. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது.

"இந்தத் தெருவை விட்டுப் போங்க. இல்லேன்னா நான் எழுதித் தர்ற மருந்தெல்லாம் வீண்" என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. தாம்பரம் தாண்டி மகள் வீட்டருகே ஃப்ளாட்டும் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரர்தான் நகரவில்லை.

காரணம் கைராசி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் முறை கடலுக்குப் போகும்போது, புதுக் கயிறு ஒன்றை அவர் கையால் வெட்டித் தரவேண்டும். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி அளந்து, வெட்டி, நைலான் நுனி பிரியாமல் மெழுகுவர்த்தியில் காட்டிக் கருக்கிக் கொடுப்பார். அண்ணாச்சி கை பட்டால் வலை கனக்கும் என்று காசிமேடு முழுக்கப் பேச்சு. அவருக்கு அது டாக்டர் பேச்சைவிடப் பெரிது.

இந்த வருடம் அவரால் படி இறங்கவே முடியவில்லை. விசைப்படகு வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம் போய் நின்றேன். அவர் குரல் கொடுத்தால் தெருவே அடங்கும்.

"நீங்க சொன்னா எங்க வீட்டுக்காரங்க கேப்பாங்க. இந்தத் தெருவை விட்டுப் போகச் சொல்லுங்கம்மா."

"இன்னாமே நீ, மூச்சு வுட முடியாம கீற மன்சன்கிட்ட போய் கயிறு கேப்பனா? நான் சொல்றேன், வுடு."

சொன்னபடியே வந்தார். மரப்படி ஏறி மூச்சு வாங்க என் வீட்டுக்காரரின் கட்டில் ஓரம் நின்றார்.

"அண்ணாச்சி, நீ கெளம்பு. இத்தினி வருசம் உன் கையிதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. போதும். அங்க போய் நல்லா மூச்சு வுட்டுகினு இரு."

என் வீட்டுக்காரர் தம் இரண்டு கைகளையும் விரித்து மடக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏளா, இந்தத் தடவை நீ வெட்டிக் கொடு. அதோட முடிச்சிக்கிடுவோம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடினேன். என் கைகள் குட்டை, அதனால் கொஞ்சம் தாராளமாகவே அளந்தேன். நுனியைக் கருக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன், அதுகூட உறைக்கவில்லை.

அந்த அம்மாளின் படகு கரை திரும்பிய அன்று நான் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்த அம்மாள், கையில் ஒரு பெரிய வஞ்சிரத்தோடு.

"ஏம்மே, உன் கையி இன்னா கையிமே! படகு ரொம்பி வந்துகீது. அண்ணாச்சி கைக்குக்கூட இப்டி வந்ததில்ல. நீ எங்கியும் பூடாதமே!"

'கெளம்பு' என்ற அதே வாய். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து படகுக்காரர்கள், எல்லாரும் அடுத்த நடைக்கு என் கையால் கயிறு வேண்டி. மேலேயிருந்து என் வீட்டுக்காரரின் சிரிப்புச் சத்தம். அப்படி அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

"பாத்தியா, ராசி நம்ம வீட்டை விட்டுப் போகலை. இனி எங்க போறது?"

வஞ்சிரத்தைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. வாசலில் என் கையையே நம்பி நின்ற முகங்களைப் பார்த்தேன். பெட்டியை ஓரம் தள்ளிவிட்டுக் கயிற்றுச் சுருளை இழுத்தேன்.

எல்லாரும் போன பிறகு மகளுக்குப் போன் செய்து, லாரி இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

"ஏம்மா, அப்பா மறுபடியும் முரண்டு பிடிக்கிறாங்களா?"

இந்த முறை நான்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.